பிடி அரிசியில் படித்த பிள்ளை

விருதுநகர் என்றால் பருப்பும் மிளகாயும் மல்லியும் நம் நினைவுக்கு வரும். அவ்வூர் வியாபாரிகளிடம் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வரும் போகும் சரக்குக்கு இவ்வளவு என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டு, மகமை என்று ஒரு தொகையைப் பொதுக் காரியத்துக்காக எடுத்து வைப்பார்கள். வீட்டுப் பெண்களோ, உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். இந்த மகமையையும் பிடி அரிசியையும் கொண்டு நடந்த க்ஷத்திரிய வித்தியாசாலையில் சம்பளமில்லாமல் படித்த பிள்ளைகளில் ஒருவர், பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதன் மந்திரியான காமராஜ் அவர்கள்.

1903-ம் ஆண்டு ஜூலை 15-ம் தேதி பிறந்தவர். தகப்பனார் குமாரசாமி தேங்காய் வியாபாரி. மகனுக்குச் சுமார் ஆறு வயதாகும்போதே காலமாகிவிட்டார். தாயார் சிவகாமி அம்மையார் நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வியாபாரியிடம் வட்டிக்குக் கொடுத்து, மாதா மாதம் வந்ததைக் கொண்டு குடும்பத்தை நடத்தினார். பள்ளிக்கூடம் இலவசமாயிருந்தும், வீட்டு நிலை இடங்கொடுக்கவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. தாய்மாமனுடைய ஜவுளிக்கடையில் வேலைக்கு வைத்தார்கள். துணியை மடித்து அடுக்கவும், வாடிக்கையாளர் முகம் பார்த்துப் பேசவும் அங்கே பழகினார். நம்மில் எத்தனை பேர் அந்த வயதில் அப்படி ஒரு கடைக்குள் நுழைந்தவர்கள் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் அவர் மனம் நிற்கவில்லை. காங்கிரஸில் சேர்ந்ததும், 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றதும், பிறகு பல ஆண்டுகள் சிறையிலேயே கழித்ததும் யாவரும் அறிந்த சரித்திரம்.

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி முதன் மந்திரியானார். அதற்கு முந்திய ஆண்டு, ராஜாஜி சர்க்கார் கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்திருந்தது. பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மிச்ச நேரம் பெற்றோர் தொழிலைப் பார்க்க வேண்டும். இடமும் ஆசிரியரும் போதாத நிலையில் அதற்கு ஒரு நியாயம் சொல்லப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் குயவன் பிள்ளை குயவனாகவும் வண்ணான் பிள்ளை வண்ணானாகவும் நின்றுவிடுமே என்று நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. பதவியேற்ற அடுத்த மாதமே காமராஜ் மந்திரிசபை அதைக் கைவிட்டது.

பிறகு பள்ளியில்லாத ஊர்களைக் கணக்கெடுத்தார்கள். பிள்ளை நடக்கக்கூடிய தூரத்தில், ஒரு மைலுக்குள் ஆரம்பப் பள்ளி இருக்க வேண்டுமென்பது நோக்கம். படித்துவிட்டு வேலையில்லாதிருந்த வாலிபர்கள் அவற்றுக்கு ஆசிரியர்களானார்கள்.

பள்ளி வந்தது; பிள்ளைகள் வரவில்லை. ஏழை வீட்டில் மாடு மேய்க்கும் பையன் தன் கஞ்சியைத் தானே சம்பாதிக்கிறான். பள்ளிக்கு அனுப்பினால் அந்தக் கஞ்சிக்கு வழி? பட்டணத்தில் இதற்கு முன்மாதிரி இருந்தது. 1920-ல் சர் பிட்டி தியாகராயர் சென்னை நகரசபைப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுத்திருந்தார். கிராமத்துக்கு அதைக் கொண்டு செல்வதென்றால் பணம்? கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு அவர்களும் காமராஜும் பொதுமக்களை நம்பி இறங்கினார்கள். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவு தொடங்கியது. முதலில் முழுவதும் ஊராரின் நன்கொடை. பிறகு ஒரு பிள்ளையின் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசைச் சர்க்கார் ஏற்றது. நாலு காசு ஊர்ப் பொறுப்பு.

இந்த நாலு காசைத்தான் வியாபாரிகளாகிய நாம் கவனிக்க வேண்டும். நெல்லாகவும் பருப்பாகவும் விறகாகவும் ஊர் அதைச் செலுத்தியது. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்ததென்று சொல்ல மாட்டோம். கொடுக்க ஆளில்லாத வறண்ட ஊர்களில்தான் பசி அதிகம். அங்கே நாலு காசும் பெரும் பாரமே. ஆயினும் விருதுநகர்ப் பானையில் விழுந்த பிடி அரிசியை, ராஜ்யம் முழுவதற்கும் ஒரு கணக்காக ஆக்கிவிட்டார் அந்த ஜவுளிக்கடைப் பையன்.

1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊரார் பெஞ்சு, கரும்பலகை, கடிகாரம், சீருடை, கட்டடம் என்று தங்களால் ஆனதைக் கொடுத்தார்கள். 1951-ல் நூற்றுக்குச் சுமார் 21 பேருக்கு எழுத்துத் தெரிந்திருந்தது. 1961-ல் சுமார் 31 பேருக்கு. ராமநாதபுரம், தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து நம் கடைகளுக்கு வந்த பையன்களில், ஊருக்குக் கடிதம் எழுதப் பிறரை நாடாதவர்கள் பெருகியது இதற்குப் பிறகுதான்.

1963 அக்டோபர் 2-ம் தேதி, கட்சி வேலைக்கென்று பதவியை விட்டார். 1967 தேர்தலில் சொந்த ஊரான விருதுநகரிலேயே 1285 வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அவரைத் தோற்கடித்த பெ. சீனிவாசன், மாணவர் இயக்கத்தில் வளர்ந்த இளைஞர்.

1975 அக்டோபர் 2-ம் தேதி காமராஜ் காலமானார். கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் அவருக்குச் சொந்த வீடும் கிடையாது. 1982-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் உணவுத் திட்டத்தைச் சத்துணவாக விரிவாக்கியது. ஊராரிடம் நாலு காசு கேட்கும் வழக்கம் அதில் இல்லை.