வாசித்தவரே வடித்த வாத்தியம்
(வின்சென்ட் பாக் வாழ்க்கைக் கதை)



பழைய மாணவர்கள் கூடும் இடத்தில் ஒரு கேள்வி தப்பாமல் வரும். என்ன படிச்சே, இப்போ என்ன பண்றே? மெக்கானிக்கல் படித்தவர் பாங்கில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். தாவரவியல் படித்தவர் ஜவுளிக்கடை நடத்துவார். பதில் சொல்லும்போது முகத்தில் லேசாக ஒரு கூச்சம், அப்பா கட்டிய ஃபீஸ் எல்லாம் வீணாப் போச்சே என்பது மாதிரி. அந்த நண்பர்களுக்காகவும், நாளைக்கு இதே கேள்வியைச் சந்திக்கப் போகும் இன்றைய மாணவச் செல்வங்களுக்காகவும் ஒரு மனிதரின் கதையை இம்மலரில் எழுத விரும்புகிறேன். அவர் எஞ்சினியரிங் படித்தார். படித்ததை விட்டுவிட்டு ட்ரம்பெட் வாசிக்கப் போனார். விட்ட படிப்பு எட்டு வருஷம் கழித்து அவரைத் தேடி வந்தது.

அவர் பெயர் வின்சென்ட் பாக். ட்ரம்பெட் ஊதுபவர்கள் மத்தியில் இந்தப் பெயர் தெரியாதவர் கிடையாது. இசைமேதை யோஹான் செபாஸ்டியன் பாக்கின் வம்சமோ என்று நினைத்துவிட வேண்டாம். இவருடைய இயற்பெயர் வின்சென்ஸ் ஷ்ரோட்டன்பாக். 1890-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் ஆஸ்திரியாவில், வியன்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பாடன் நகரில் பிறந்தார். மேடைக்கு அந்த நீளமான பெயர் ஒத்துவராது என்று வாலை மட்டும் வைத்துக்கொண்டார். அவ்வளவுதான்!

சிறுவயதில் முதலில் கற்றது வயலின். பிறகு மனம் ட்ரம்பெட் பக்கம் சாய்ந்தது. ஆனாலும் படிப்பை விடவில்லை. வீனர் நோய்ஸ்டாட் நகரின் இயந்திரப் பொறியியல் கல்லூரியில் படித்து 1910-இல் பட்டம் பெற்றார். கையில் பட்டம், வயது இருபது. கை நிறையச் சம்பளம் தரும் தொழிற்சாலை வேலைக்குப் போயிருக்கலாம். போகவில்லை. ட்ரம்பெட்டை எடுத்துக்கொண்டு தனி வித்வானாக ஐரோப்பா முழுவதும் சுற்றக் கிளம்பிவிட்டார். ஜெர்மனி, டென்மார்க், ஸ்வீடன், ருஷ்யா என்று ஊர் ஊராகக் கச்சேரி.

1914-இல் இங்கிலாந்தில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. ஆஸ்திரியக் குடிமகன் ஒரே நாளில் எதிரி நாட்டான் ஆகிவிட்டார். கையில் ஆயுதம் இல்லை, ட்ரம்பெட்தான் இருந்தது. ஆனால் போர்க்காலத்தில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? லூசிடேனியா கப்பலில் ஏறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலால் தாக்கப்பட்டு சுமார் 1,200 பேரோடு கடலில் மூழ்கியது அதே கப்பல்தான். நியூயார்க்கில் இறங்கியபோது பாக்கின் பையில் இருந்தது ஐந்தே டாலர் என்பார்கள்.

ஊர் புதுசு, தெரிந்தவர் யாரும் இல்லை. வயிற்றுப்பாட்டுக்கு நாடகக் கொட்டகைகளில் ஊதினார். அங்கிருந்தபடியே பாஸ்டன் சிம்பொனி இசைக்குழுவின் நடத்துநர் கார்ல் மக் என்பவருக்கு ஒரு கடிதம் போட்டார். கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள், வாசித்தார், இடம் கிடைத்தது. சிபாரிசு இல்லாமல் கிடைத்த இடம் என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். 1916-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா அரங்குக்கு வந்த தியாகிலெவின் ருஷ்ய பாலே குழுவுக்கு முதல் ட்ரம்பெட் இவர்தான். ஐந்து டாலரோடு இறங்கியவர் இரண்டே வருஷத்தில் எட்டிய உயரம் அது.

இனிமேல்தான் கதையே இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகருக்குக் கச்சேரிக்குப் போன இடத்தில் தமது மவுத்பீஸைப் பழுது பார்க்கக் கொடுத்தார். பழுது பார்த்தவர் அதைக் கெடுத்தே விட்டார்!

ஒரு மவுத்பீஸ் கெட்டதற்கா இத்தனை கவலை என்று கேட்கலாம். நாதஸ்வரக் கச்சேரி கேட்பவர்களுக்கு இது புரியும். வாத்தியத்தோடு சீவாளிகள் நூலில் கட்டித் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். வாய்க்குப் பழகிய நல்ல சீவாளி உடைந்துவிட்டால் வித்வானுக்குப் பாதி உயிர் போன மாதிரி. ட்ரம்பெட்டில் சீவாளி கிடையாது. வாசிப்பவரின் உதடுதான் சீவாளி. அந்த உதடு உட்கார்ந்து அதிரும் சின்னக் கிண்ணம்தான் மவுத்பீஸ். அது மாறினால் சுருதி மாறும், நாதம் மாறும், மேல் ஸ்தாயி எட்டாமல் போகும். சோறு போட்ட உதடு சொன்ன பேச்சைக் கேட்காது.

பாக் கடை கடையாக ஏறி இறங்கினார். வேறு வேறு மவுத்பீஸ்களை ஊதிப் பார்த்தார். எதுவும் சரிப்படவில்லை. அந்தக் காலத்தில் ஒரே அச்சு என்று விற்றவையே ஒன்றுக்கொன்று வித்தியாசமாக இருந்தன. நல்லது கிடைத்தால் அதிர்ஷ்டம்; தொலைந்தால் தொலைந்ததுதான். எத்தனையோ வித்வான்கள் இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டார்கள். பாக் ஏற்கவில்லை, ஏனென்றால் அவருக்கு லேத் ஓட்டத் தெரியும்!

1918 வசந்தத்தில் 300 டாலர் கொடுத்து, காலால் மிதித்து ஓட்டும் ஒரு லேத் வாங்கினார். நியூயார்க்கில் செல்மர் இசைக்கருவிக் கடையின் பின்பக்கத்தில் அதைப் போட்டு, தமக்கு வேண்டிய மவுத்பீஸைத் தாமே கடைந்தார். கூட வாசித்தவர்கள் பார்த்தார்கள். எனக்கும் ஒன்று பண்ணிக் கொடு என்றார்கள். கல்லூரியோடு முடிந்துபோனது என்று அவரே நினைத்திருக்கக்கூடிய படிப்பு, 28-ஆம் வயதில் அவர் கையில் மறுபடி உயிர் பெற்றது.

போர் அவரை இங்கேயும் விடவில்லை. அமெரிக்க ராணுவத்தின் 306-ஆவது களப் பீரங்கிப் படைக்கு பாண்டு மாஸ்டராக இருந்தார். பிறந்த நாடும் பிழைக்க வந்த நாடும் எதிரெதிர் அணியில் நின்ற காலம். அவருக்கு முதல் வாய்ப்புக் கொடுத்த கார்ல் மக்கையே எதிரி நாட்டவர் என்று 1918 மார்ச்சில் கைது செய்தார்கள் என்றால் அன்றைய நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்படி என்ன பெரிசாகச் சாதித்தார்? மவுத்பீஸை அவர் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தார். உதடு படும் விளிம்பு, அதன் உள்ளே கிண்ணம், கிண்ணத்தின் அடியில் தொண்டைத் துளை, அதற்குப் பின்னால் விரிந்துகொண்டே போகும் பின்துளை. ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு, அந்த அளவுக்கு ஒரு பெயர். எண் சிறிதாக இருந்தால் கிண்ணம் அகலம். எண் கூடக் கூட அகலம் குறையும். எழுத்து ஏ என்றால் ஆழம் அதிகம், சி நடுத்தரம், ஈ என்றால் ஆழம் குறைவு. பட்டியலின்படி 1சி மவுத்பீஸின் விட்டம் 17 மில்லிமீட்டர்; 7சி 16.20, 3சி 16.30. 3சி-க்கும் 7சி-க்கும் பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தை உதடு கண்டுபிடித்துவிடும் என்பது வாசிப்பவருக்குத் தெரியும். அதை லேத்தில் கொண்டுவரலாம் என்பது எஞ்சினியருக்குத் தெரியும். பாக் இரண்டு பேராகவும் இருந்தார்.

பலன் என்ன? ஒரு வித்வானின் மவுத்பீஸ் தொலைந்தால், நம்பரைச் சொல்லி இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். இன்று நம்ம ஊர்க் கடைக்கு வரும் சாதாரண ட்ரம்பெட்டில்கூட 7சி என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். வேறு கம்பெனிக்காரர்களும் தங்கள் சரக்கை பாக்கின் எண்களோடு ஒப்பிட்டுத்தான் விளக்குகிறார்கள்.

மவுத்பீஸோடு நிற்காமல் 1920களின் நடுவில் முழு ட்ரம்பெட்டே செய்யத் தொடங்கினார். வைத்த பெயர் ஸ்ட்ராடிவேரியஸ்! இத்தாலியின் வயலின் சிற்பி பெயர். ஊதிப் பார்த்த வித்வான்களே அப்படிப் புகழ்ந்ததால் வந்த பெயர் என்று சொல்வார்கள். 1920களின் இறுதியில் ட்ரோம்போனும் வந்தது.

ட்ரம்பெட் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. சாதாரண பி ஃப்ளாட் ட்ரம்பெட்டை நீட்டி வைத்தால் குழாயின் நீளம் சுமார் ஒன்றரை மீட்டர். நடு வால்வை அழுத்தினால் கொஞ்சம் குழாய் கூடி அரை ஸ்வரம் இறங்கும், முதல் வால்வுக்கு ஒரு முழு ஸ்வரம், மூன்றாவதற்கு ஒன்றரை. சிக்கல் எங்கே என்றால், இரண்டை ஒன்றாக அழுத்தும்போது கூடும் நீளம் கணக்குக்குக் கொஞ்சம் குறைவாக நிற்கும், சுருதி ஏறிவிடும். எங்கே எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில்தான் தயாரிப்பவரின் காதும் கணக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். பித்தளைத் தகடு எவ்வளவு கனம், வாய்ப்பகுதி எந்த வளைவில் விரிய வேண்டும் என்று மாதிரிக்கு மேல் மாதிரி செய்து எண் போட்டு வைத்தார். அவற்றில் 37 என்னும் எண்ணுள்ள வாய் உலகப் புகழ் பெற்றது. 1950களின் நடுவில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுக்கு அவர் செய்து கொடுத்த சி ட்ரம்பெட்டுகளை அடால்ஃப் ஹெர்செத் முதலானோர் வாசித்தார்கள். அமெரிக்க இசைக்குழுக்களில் சி ட்ரம்பெட் வேரூன்றியதில் அவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

பட்டறை 1928-இல் பிராங்க்ஸ் பகுதிக்கும், 1953-இல் மவுண்ட் வெர்னானுக்கும் மாறியது. மவுண்ட் வெர்னான் காலத்துச் சரக்கு என்றால் சேகரிப்பவர்கள் இன்றைக்கும் தேடித் தேடி வாங்குகிறார்கள். மவுத்பீஸ் தேர்ந்தெடுப்பது எப்படி என்று பாக் கையேடும் எழுதினார். தாம் கண்டதை ரகசியமாகப் பூட்டி வைக்கவில்லை.

1961-இல், 71-ஆம் வயதில் கம்பெனியை விற்றார். கேட்டு வந்தவர்கள் பலர். கூடுதல் விலை சொன்னவர்களும் அதில் உண்டு என்பார்கள். அவர் கொடுத்தது செல்மர் நிறுவனத்துக்கு. ஆம், 43 வருஷத்துக்கு முன்னால் எந்தக் கடையின் பின்பக்கத்தில் மிதி லேத்தைப் போட்டாரோ, அதே பெயர்! சில வருடங்களில் உற்பத்தி இண்டியானா மாநிலத்தின் எல்கார்ட் நகருக்குப் போனது. அந்த ஊரும் இப்படி ஒரு கதையால் வளர்ந்ததுதான். சார்லஸ் ஜெரார்ட் கான் என்ற கார்னெட் வாசிப்பாளர் உதட்டில் அடிபட்டு, வலிக்காமல் ஊத ரப்பர் விளிம்பு வைத்த மவுத்பீஸ் செய்து 1875-இல் காப்புரிமை வாங்கினார்; அதிலிருந்தே அங்கே இசைக்கருவித் தொழில் தழைத்தது. 1976 ஜனவரி 8-ஆம் நாள் வின்சென்ட் பாக் மறைந்தார். அவர் பெயர் பொறித்த ட்ரம்பெட்டுகள் நின்றுபோகவில்லை.

மாணவத் தம்பி, தங்கைகளே! படித்த படிப்புக்கு ஏற்ற வேலை உடனே கிடைக்காமல் போகலாம். மனசு வேறு பக்கம் இழுக்கலாம். போங்கள். பாக்கும் போனார். ஆனால் அவர் வகுப்பில் கற்றதை ஒழுங்காகக் கற்றிருந்தார். அதனால்தான் பிட்ஸ்பர்க்கில் அந்த மவுத்பீஸ் கெட்டபோது, விதியை நொந்துகொண்டு உட்காராமல் லேத் விலை விசாரிக்கப் போக முடிந்தது.