வென்றும் தோற்ற வேந்தன்

கிரேக்க நாட்டின் வரைபடத்தை விரித்தால், தென்கோடியில் கைவிரல்கள்போல் கடலுக்குள் நீண்டிருக்கும் ஒரு நிலப்பரப்பைக் காண்போம். பெலோப்பொனீஸ் என்பது அதன் பெயர். பெலோப்ஸின் தீவு என்பது பொருள். இத்தனை பெரிய நிலத்துக்கே தன் பெயரைத் தந்த அம்மன்னன் யார்?

இன்றைய துருக்கியின் மேற்கே, சிபிலஸ் மலையருகே ஆண்ட டாண்டலஸின் மகன் அவன். தேவர்களைச் சோதிக்க எண்ணிய அக்கொடிய தந்தை, பெற்ற மகனையே வெட்டிச் சமைத்து விருந்து படைத்தானாம். தேவர்கள் சிறுவனை உயிர்ப்பித்து, அவன் இழந்த தோளுக்கு ஈடாகத் தந்தத்தால் ஒரு தோள் அமைத்தனர் என்பது பழங்கதை.

வாலிபனான பெலோப்ஸ் கடல் கடந்து, கிரேக்க நாட்டின் பீசா நகரை அடைந்தான். அந்நகர் மன்னன் ஈனோமஸ், தன் மகள் ஹிப்போடாமியாவை மணக்க வருவோர் தேரோட்டத்தில் தன்னை வெல்ல வேண்டும், தோற்றால் உயிரிழக்க வேண்டும் என்று விதித்திருந்தான். 13 பேர் மாண்டிருந்தனர். பெலோப்ஸிடமோ கடல் தேவன் பொஸைடன் அளித்த குதிரைகள் இருந்தன. ஆயினும் அவன் குறுக்கு வழியை நாடினான். மன்னனின் தேர்ப்பாகன் மிர்ட்டிலஸுக்கு ஆசை காட்டி, சக்கரத்தின் கடையாணிக்குப் பதிலாக மெழுகாணியைச் செருகச் செய்தான். ஓட்டத்தில் மெழுகு உருகியது, தேர் கவிழ்ந்தது, ஈனோமஸ் மாண்டான்.

வென்றவன் வாக்களித்த பரிசைத் தரவில்லை. உதவிய பாகனையே கடலில் தள்ளிக் கொன்றான். சாகும்போது மிர்ட்டிலஸ், பெலோப்ஸின் குலத்தையே சபித்தான்.

பிறகு பெலோப்ஸ் நாடுகள் பலவற்றை வென்றான். போரில் வெல்ல முடியாத ஆர்க்கேடிய மன்னன் ஸ்டிம்பாலஸை, நட்புப் பாராட்டி வஞ்சகமாய்க் கொன்றான் என்பர். புகழ் வளர்ந்தது, சாபமும் உடன் வளர்ந்தது. அவன் மக்களான அட்ரியஸும் தையெஸ்டீஸும் மைசீனி அரியணைக்காக ஒருவரையொருவர் அழிக்க முற்பட்டனர். பேரன் அகமெம்னான் டிராய் நகரை வென்று திரும்பியும், மனைவியின் சதியால் மடிந்தான். அவன் மகன் ஒரெஸ்டீஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் விடுதலை பெற்ற பின்னரே அப்பழி ஓய்ந்ததாகக் கி.மு. 458-இல் ஈஸ்கிலஸ் நாடகம் அமைத்தார்.

ஒலிம்பியாவில் பெலோப்ஸுக்குத் தனிக் கோயில் எழுப்பிக் கிரேக்கர் வழிபட்டனர். கி.மு. 476-இல் அவனைப் பாடிய கவிஞர் பிண்டார், மெழுகாணியைப்பற்றி வாய் திறக்கவில்லை. குதிரைகளாலேயே வென்றதாகப் பாடினார். அங்குள்ள ஜீயஸ் ஆலய முகப்பில், போட்டி தொடங்குமுன் அவன் நின்ற காட்சியைச் சிற்பிகள் செதுக்கினர். அச்சிலைகளை இன்றும் ஒலிம்பியா அருங்காட்சியகத்தில் காணலாம்.

தோழியரே, அந்தக் கணத்தில் நல்ல குதிரைகள் அவன் கையில் இருந்தன. நேர்வழியும் திறந்தே இருந்தது. தேர்வறையிலும் விளையாட்டுத் திடலிலும் நாமும் அத்தகைய கணங்களில் நிற்கிறோம். வஞ்சனையால் பெற்ற வெற்றியின் விலையை அவன் பேரப்பிள்ளைகளும் கொடுத்தார்கள் என்பதை அப்போது நினைவில் கொள்வோமாக.