பதினெட்டு வயதில் பள்ளிக்கூடம்



சென்ற ஆண்டு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது, பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கத்தில் உள்ள ரயில் அருங்காட்சியகத்தையும் சுற்றிப் பார்த்தோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நண்பர்கள் எல்லாம் பழைய நீராவி எஞ்சின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. அந்த வாரம்தான் ரிசல்ட் வந்து, கணக்கில் அரியர் விழுந்திருந்தது. பேசாமல் அப்பாவோடு மூட்டை தூக்கப் போய்விடலாமா என்று யோசனை. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அட்மிஷன் ஃபாரத்தில் அப்பா வைத்த கைநாட்டை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று கையால் மறைத்தவனும் நான்தான்.

கூட வந்த சார், எஞ்சின் சக்கரத்தைக் காட்டி ஜார்ஜ் ஸ்டீபன்சனைப் பற்றி நாலு வார்த்தை சொன்னார். மீதியை ஊருக்கு வந்து லைப்ரரியில் தேடிப் படித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஸ்டீபன்சன் 1781இல் இங்கிலாந்தில் வைலம் கிராமத்தில் பிறந்தார். அவருடைய அப்பா, நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுபவர். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வசதியில்லை. பதினெட்டு வயதுவரை ஸ்டீபன்சனுக்குத் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது. அந்த வயதில்தான், பகலெல்லாம் எஞ்சினோடு மாரடித்துவிட்டு, கூலிக் காசில் ஃபீஸ் கட்டி இரவுப் பள்ளியில் சேர்ந்தார். எனக்கும் இப்போது அதே பதினெட்டு!

1811இல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் ஒரு பம்ப் எஞ்சின் சரியாகத் தண்ணீர் இறைக்காமல் கிடந்தது. அதைப் பிரித்துச் சரிசெய்தார். அடுத்த ஆண்டே அங்கிருந்த எஞ்சின்களுக்கு அவர் பொறுப்பாளர். நீராவி எஞ்சினைத் தண்டவாளத்தில் முதலில் ஓட்டியவர் ட்ரெவிதிக், 1804இல். அதை நம்பித் தொழில் நடத்தலாம் என்று காட்டியவர் ஸ்டீபன்சன். 1814இல் அவர் செய்த முதல் எஞ்சின் 30 டன் கரியை மேட்டில் இழுத்தது. 1825 செப்டம்பர் 27இல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் ரயில் பாதை திறந்தபோது, அவர் எஞ்சின் இழுத்த வண்டிகளில் ஜனங்கள் முண்டியடித்து ஏறினார்கள்.

அதே ஆண்டில்தான் பெரிய அடியும் விழுந்தது. லிவர்பூல் – மான்செஸ்டர் பாதைக்காகப் பார்லிமெண்ட் கமிட்டி முன்னால் நின்றார். சர்வே லெவலில் தப்பு இருந்தது. வக்கீல் கேள்வி மேல் கேள்வி கேட்டுத் திணறடித்துவிட்டார். மசோதா தோற்றது. இதற்கு முன்னால் என் அரியர் எம்மாத்திரம்?

அவர் விடவில்லை. 1826இல் மசோதா நிறைவேறியது. பாதை போடும் பொறுப்பு மறுபடி அவர் கைக்கே வந்தது. 1829இல் ரெயின்ஹில் போட்டியில், மகன் ராபர்ட்டோடு சேர்ந்து உருவாக்கிய 'ராக்கெட்' எஞ்சின் ஜெயித்தது. 1830இல் அந்தப் பாதை திறந்தது. 1847இல் மெக்கானிக்கல் எஞ்சினியர்கள் சங்கத்துக்கு முதல் தலைவரானார். 1848இல் காலமானார்.

இவ்வளவு இருந்தும் என் மனதில் நின்றது வேறொன்று. தனக்குக் கிடைக்காத படிப்பை மகனுக்குக் கொடுத்தார். மகன் படித்துவிட்டு வந்ததை அவனோடு உட்கார்ந்து தானும் படித்தார்.

நண்பர்களே, அந்த அரியரை எழுதி பாஸ் பண்ணிவிட்டேன். ராத்திரி சாப்பிட்ட பிறகு அப்பாவுக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தேன். இந்த வருஷ ஸ்காலர்ஷிப் ஃபாரத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். கொஞ்சம் கோணல்தான். ஆனால் நான் மறைக்கவில்லை.