தீ தின்ற சுதேசிப் படம்: பயாஸ்கோப் முன்னோடி ஹீராலால் சென்

இந்திய சினிமாவின் நூற்றாண்டு விழாவை மத்திய அரசு 2013-ஆம் ஆண்டில் கொண்டாடியது. தாதாசாகேப் பால்கேயின் "ராஜா ஹரிச்சந்திரா' மும்பையில் பொதுமக்களுக்குத் திரையிடப்பட்ட 1913 மே 3-ஆம் தேதியே அதற்குத் தொடக்கமாகக் கொள்ளப்பட்டது.

ஆனால், அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே வங்கப் பிரிவினைக்கு எதிரான கூட்டத்தைப் படமெடுத்து, அதை மக்களுக்குக் காட்டியவர் கொல்கத்தாவைச் சேர்ந்த ஹீராலால் சென். இந்தியாவின் முதல் அரசியல் படத்தை எடுத்தவர் என்று பல ஆய்வாளர்கள் அவரைக் குறிப்பிடுகின்றனர். எனினும், அவர் எடுத்த படங்களில் ஓர் அடி படச்சுருள்கூட இன்று இல்லை.

இன்றைய வங்கதேசத்தின் மாணிக்கஞ்ச் பகுதியைச் சேர்ந்த கிராமத்தில், 1866-இல் வசதியான வழக்குரைஞர் குடும்பத்தில் பிறந்தார் ஹீராலால். புகைப்படக் கலையில் தேர்ச்சி பெற்றிருந்த அவரது வாழ்க்கை 1898-இல் திசை மாறியது. கொல்கத்தா ஸ்டார் தியேட்டரில் ஸ்டீவன்சன் என்ற வெளிநாட்டவர் காட்டிய சலனப் படங்களைக் கண்ட அவர், அவரது கேமராவையே இரவல் வாங்கி ஒரு நாடகத்தின் நடனக் காட்சியைப் படமெடுத்தார்.

பின்னர், லண்டன் வார்விக் டிரேடிங் கம்பெனியிடமிருந்து சொந்தமாகக் கருவியைத் தருவித்தார். சகோதரர் மோதிலாலுடன் சேர்ந்து "ராயல் பயாஸ்கோப் கம்பெனி'யைத் தொடங்கினார்.

கையால் சுழற்றும் கருவி

சார்லஸ் அர்பன் என்ற அமெரிக்கர் சந்தைக்குக் கொண்டுவந்த அந்தப் புரொஜக்டரின் பெயர்தான் பயாஸ்கோப். கருவியின் பெயரே பின்னர் நாடெங்கும் சினிமாவின் பெயரானது.

இதை இயக்க மின்சாரம் தேவையில்லை. கைப்பிடியைச் சுழற்றினால் போதும். சக்கரத்தின் மையத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பொருத்தப்பட்ட சிறிய உருளை, ஒவ்வொரு சுற்றுக்கும் படச்சுருளைத் தட்டி ஒரு படத்தின் அளவுக்குக் கீழே இழுக்கும். இழுக்கப்பட்ட படம் கணநேரம் ஒளியின் முன் அசையாமல் நிற்கும். உடனே அடுத்த படம் வரும். நொடிக்கு ஏறத்தாழ 16 படங்கள் இவ்வாறு நின்று நகரும்போது, திரையில் மனிதர்கள் நடப்பதுபோலத் தோன்றும். சுழற்றுபவரின் கை தளர்ந்தால் திரையில் நடப்பவரின் நடையும் தளரும்.

ஒளிக்கு மின்சாரம் கிடைக்காத இடங்களில் அக்காலத்துப் பயாஸ்கோப்காரர்கள் "லைம்லைட்' விளக்கைப் பயன்படுத்தினர். ஆக்சிஜன், ஹைட்ரஜன் வாயுக்கள் சேர்ந்து எரியும் சுடரைச் சுண்ணாம்புக் கட்டியின் மீது செலுத்தினால், அது கண்ணைப் பறிக்கும் வெண்ணிறத்தில் ஒளிரும். வாயுக்களைப் பைகளிலோ உருளைகளிலோ சுமந்து செல்ல வேண்டும்.

இதில் ஆபத்து அதிகம். அன்றைய படச்சுருள் நைட்ரேட் செல்லுலாய்டால் ஆனது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால், தீப்பற்றினால் அணைப்பது மிகக் கடினம். 1897-இல் பாரிஸ் நகரின் அறக்கொடைச் சந்தையில் புரொஜக்டர் விளக்கிலிருந்து பரவிய தீயில் 120-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகமே அறிந்திருந்த அந்த ஆபத்தோடுதான் ஹீராலாலும் தொழில் நடத்தினார்.

டவுன் ஹாலில் கேமரா

கொல்கத்தா கிளாசிக் தியேட்டரின் நாடகக் காட்சிகளை அவர் தொடர்ந்து படமாக்கினார். கூந்தல் தைலம், மருந்து ஆகியவற்றுக்கு விளம்பரப் படங்களும் எடுத்தார். கேளிக்கைக் கருவியாக மட்டுமே கருதப்பட்ட பயாஸ்கோப், 1905-இல் அவரது கையில் அரசியல் கருவியாக மாறியது.

கர்சன் பிரபுவின் பிரிவினைத் திட்டத்தின்படி டாக்கா பகுதி, கொல்கத்தாவிலிருந்து பிரிக்கப்பட்டுப் புதிய மாகாணத்தில் சேர்க்கப்பட்டது. ஹீராலாலின் சொந்த மண்ணும் அதில் அடங்கும். இதை எதிர்த்து 1905 செப்டம்பர் 22-ஆம் தேதி கொல்கத்தா டவுன் ஹாலில் நடைபெற்ற கூட்டத்தை அவர் படமெடுத்தார். அந்நியத் துணியைப் புறக்கணிக்கும் இயக்கம் வலுத்திருந்த அந்நாளில், உள்நாட்டிலேயே தயாரான சுதேசிப் படம் என்று அது விளம்பரப்படுத்தப்பட்டது. கருவியும் படச்சுருளும் வெளிநாட்டுச் சரக்கு. ஆனால், எதைக் காட்டுவது என்ற முடிவு இந்தியருடையது.

பிரிவினை ரத்தாகும் என்ற அறிவிப்பு 1911 டிசம்பர் 12-ஆம் தேதி தில்லி தர்பாரில் வெளியானது. தலைநகர் கொல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்றும் மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். தர்பாரையும் மன்னரின் கொல்கத்தா வருகையையும் காட்டும் படத்தை ஹீராலால் 1912-இல் வெளியிட்டார். அதே தர்பாரை, பயாஸ்கோப் கருவியை விற்ற சார்லஸ் அர்பனின் நிறுவனமும் வண்ணப் படமாக்கி லண்டனில் திரையிட்டது. அந்த வண்ணப் படத்தின் சில பகுதிகள் இன்றும் உள்ளன.

வறுமையும் மரணமும்

இதற்கிடையே தொழிலின் போக்கு மாறியிருந்தது. கூடாரத்தில் படம் காட்டத் தொடங்கிய ஜம்ஷெட்ஜி மதன், 1907-இல் கொல்கத்தாவில் நிரந்தரத் திரையரங்கை அமைத்தார். பெருமுதலீட்டுடன் போட்டியிட ஹீராலாலால் இயலவில்லை. சகோதரர்களும் பிரிந்தனர். பால்கேயின் படம் வெளியான 1913-ஆம் ஆண்டிலேயே ராயல் பயாஸ்கோப் கம்பெனியின் பணிகள் முடிவுக்கு வந்தன.

வறுமையும் புற்றுநோயும் அவரைச் சூழ்ந்தன. 1917 அக்டோபரில், படச்சுருள்கள் வைக்கப்பட்டிருந்த மோதிலாலின் கிடங்கில் தீப்பிடித்தது. ஏறத்தாழ பதினைந்து ஆண்டு உழைப்பில் உருவான படங்கள் அனைத்தும் சாம்பலாயின. அதே மாதத்தில் ஹீராலாலும் காலமானார்.

தலைவர்களின் உரைகளும் பத்திரிகைச் செய்திகளும் 1905 போராட்டத்துக்குச் சான்றாக உள்ளன. டவுன் ஹாலில் திரண்ட மக்களின் முகங்களைப் பதிவு செய்த சலனப் படம் மட்டும் இல்லை. படம் இல்லாததால், முதல்வர் யார் என்ற விவாதத்தில் ஹீராலாலின் தரப்புக்கு விளம்பரங்களையும் குறிப்புகளையும் தவிர வேறு சாட்சியம் இல்லை.

அந்தத் தீ தந்த பாடம் பின்னரும் உணரப்படவில்லை. தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 1964-இல் புணேயில் தொடங்கப்பட்டது. ஹீராலாலின் படங்கள் எரிந்து 85 ஆண்டுகள் கடந்த பின், 2003 ஜனவரியில் அங்குள்ள நைட்ரேட் படச்சுருள் கிடங்கிலும் தீப்பிடித்தது. சினிமாவின் தொடக்க காலத்தைச் சேர்ந்த ஏராளமான படச்சுருள்கள் அதில் அழிந்தன.