லிப்டனுக்கு ஒரு முகவரி இருந்தது

ஹப்புத்தளை நகரிலிருந்து தம்பேதென்ன தொழிற்சாலை வரை ஒரு பாதை போகிறது. அதற்கு மேலே, தேயிலை மலைகளை வளைத்து ஏறும் பாதையின் உச்சியில் 'லிப்டன் சீட்' இருக்கிறது. தன் தோட்டங்களைப் பார்க்க தோமஸ் லிப்டன் அமர்ந்ததாகச் சொல்லப்படும் அந்த இடத்தில் இன்று அவருடைய சிலை உட்கார்ந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் அதற்குப் பக்கத்தில் அமர்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். கீழே மலைச்சரிவில் பெண்கள் கொழுந்து பறிக்கிறார்கள்.

ஏழைச் சிறுவன் ஒருவன் உலகப் பணக்காரன் ஆன கதையாகவே லிப்டனின் வாழ்க்கை வழக்கமாகச் சொல்லப்படுகிறது. அதை வேறொரு சின்னப் பொருளின் வழியாகவும் பார்க்கலாம். அந்தப் பொருள் பழைய கடித உறை. 19ஆம் நூற்றாண்டின் அமெரிக்கக் கடித உறைகளைத் தேடிச் சேர்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் விரும்பித் தேடுபவற்றுள் 1860களின் பிற்பகுதிக்கு உரிய உறைகளும் அடங்கும். இளைஞன் லிப்டன் அமெரிக்காவில் கூலி வேலை தேடி அலைந்ததும் அதே ஆண்டுகளில்தான்.

லிப்டன் 1848இல் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். உருளைக்கிழங்குப் பஞ்சம் அயர்லாந்தைச் சூறையாடிய காலத்தில் ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்கள். கிளாஸ்கோவில் வெண்ணெயும் முட்டையும் பன்றி இறைச்சியும் விற்கும் சின்னக் கடை ஒன்றை வைத்திருந்தார்கள். வீட்டுக் கஷ்டத்தால் பையன் சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டான். அச்சுத் தொழில் நடக்கும் இடத்தில் ஏவல் வேலை செய்தான், சட்டைத்துணி வெட்டினான், பிறகு கப்பலில் எடுபிடிப் பையனானான். கடைசியில் சேர்த்த காசைக் கொடுத்து அமெரிக்காவுக்குக் கப்பலேறினான்.

அவன் போய் இறங்கிய அமெரிக்கா ஒரு பெரும் போரிலிருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. 1861 முதல் 1865 வரை வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். அந்தப் போரில் தபாலும் இரண்டாகப் பிளந்தது. 1861இல் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வழமையான தபால் சேவை நிறுத்தப்பட்டது. பழைய முத்திரைகள் தெற்கின் கையில் காசாகிவிடக் கூடாது என்று வடக்கு அரசு அவற்றைச் செல்லாதவை ஆக்கியது. எல்லைக்கு அப்பால் அகப்பட்ட உறவுக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றால், வெள்ளைக்கொடி பிடித்துப் பரிமாறப்படும் தபால் பைகளுக்காகக் காத்திருக்க வேண்டும். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. உறையை ஒட்டாமல் கொடுக்க வேண்டும். அதிகாரிகள் படித்துப் பார்த்த பிறகே அனுப்புவார்கள். போர்க்கைதிகளின் கடிதங்களிலும் பரிசோதித்ததற்கான குறி விழுந்தது.

எங்கள் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செஞ்சிலுவைச் சங்கத்தின் செய்தித்தாளில், குடும்ப நலம் மட்டும் எழுதலாம் என்ற விதிக்குள், மூடாத தாளில் நாலு வரி எழுதி மாதக்கணக்கில் பதிலுக்குக் காத்திருந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

போர் முடிந்த தெற்கில் லிப்டன் வேர்ஜினியாவின் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்தான். பிறகு தென் கரோலினாவின் நெல் தோட்டம் ஒன்றில் கணக்கெழுதினான். நேற்றுவரை அடிமைகளாக இருந்து, போரின் முடிவில் விடுதலையான கறுப்பின மக்கள் உழைத்த மண் அது. ஒரு தோட்டம் எப்படி நடக்கிறது, கூலி எப்படிக் கணக்காகிறது என்பதை லிப்டன் முதலில் கண்டது இலங்கையில் அல்ல. பின்னர் நியூ ஓர்லியன்ஸில் வீடு வீடாகப் பொருள் விற்றான். கடைசியாக நியூயோர்க்கின் பலசரக்குக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கடையை அழகாக வைப்பதும் விளம்பரத்தால் ஆளை இழுப்பதும் அங்கே படித்த பாடங்கள்.

அதே ஆண்டுகளில் அமெரிக்கத் தபாலகங்களில் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ஒட்டிய முத்திரையைக் கழுவி எடுத்து மறுபடி பாவித்துவிடுவார்கள் என்று அரசு பயந்தது. ஆகவே ஒவ்வொரு முத்திரையின் மேலும் மை படியச் சீல் குத்தி அதைச் செல்லாததாக்க வேண்டும். ஆனால் அதற்கான கருவியை அரசு பெரிய தபாலகங்களுக்கே கொடுத்தது. சின்ன ஊர்களின் தபால் அலுவலர்கள் போத்தல் தக்கையைப் பேனாக்கத்தியால் செதுக்கித் தாங்களே சீல் செய்துகொண்டார்கள். நட்சத்திரம், சிலுவை, மண்டையோடு, கேடயம், தேன்கூடு என்று கைக்கு வந்ததெல்லாம் சீலானது. தக்கை சீக்கிரம் தேய்ந்துவிடும். தேய்ந்தால் புதிதாக ஒன்று செதுக்கலாம். கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரி ஊரில் ஜோன் ஹில் என்ற தபாலக ஊழியர் இதில் பெயர் பெற்றவர். 1869இல், நன்றித் திருநாளை ஒட்டி, அவர் செதுக்கிய ஓடும் கோழிச் சீல் விழுந்த உறைகள் இன்று அமெரிக்கத் தபால் சேகரிப்பில் மிக விலை உயர்ந்தவற்றுள் அடங்கும்.

இங்கே சேகரிப்பாளர்களின் ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். முத்திரையை மட்டும் நனைத்துப் பிரித்தெடுத்தால் பெறுமதி போய்விடும். முழு உறையாக இருந்தால்தான் அது சாட்சி சொல்லும். இன்ன நாளில், இன்ன ஊரிலிருந்து, இன்ன பெயருடைய ஒருவருக்கு, இன்ன இடத்துக்கு ஒரு செய்தி போனது என்பதை உறைதான் காட்டுகிறது. எழுதியவரும் பெற்றவரும் மண்ணாகிப் போன பிறகும் அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு அது அத்தாட்சி.

1870 அளவில் லிப்டன் கையில் கொஞ்சம் டொலருடன் கிளாஸ்கோ திரும்பினார். 1871இல் ஸ்டொப்குரொஸ் வீதியில் தனது முதல் கடையைத் திறந்தார். காகிதத்தின் வல்லமை அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஒரு பவுண் நோட்டைப் போலவே தோன்றும் விளம்பரத் தாள்களை அச்சிட்டு ஊரெல்லாம் பரப்பினார். சிலர் அதை உண்மைப் பணமென்று எண்ணி ஏமாந்தார்கள். 1880களின் இறுதியில் அவருக்கு முந்நூறு கடைகள் இருந்தன.

அந்தக் கடைகளுக்குத் தேயிலை வேண்டும். இடைத்தரகர் இல்லாமல் வேண்டும். 1890இல் அவர் இலங்கைக்கு வந்தார். 1869இல் கண்டுபிடிக்கப்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்து, தோட்டங்கள் மலிவு விலைக்கு வந்திருந்த காலம். ஊவா மலைகளில் தம்பேதென்ன உட்படப் பல தோட்டங்களை வாங்கினார். ரயில் பாதை 1893இல் ஹப்புத்தளையை எட்டியது. அது பதுளை போய்ச் சேர்ந்தது 1924இல்தான். லிப்டனின் தேயிலை குறித்த நிறையுள்ள பக்கெட்டுகளில், சாதாரண மக்கள் வாங்கும் விலையில் உலகெங்கும் போனது. அவர் ஒரு காலத்தில் கூலியாக நின்ற அமெரிக்காவுக்கும் போனது. விளம்பரங்களில் கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் இருந்தது. அவளுடைய பெயர் இருக்கவில்லை.

அவளும் அவளுடைய ஆட்களும் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள்? தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் முன்பணம் கொடுத்துக் கூட்டிவந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தகரத் துண்டு முறை வந்தது. எந்தப் பகுதி, எந்தத் தோட்டம் என்று காட்டும் அடையாளம் பொறித்த தகர வில்லை ஒன்று ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்கப்பட்டது. அதைப் பார்த்து வழியில் இருப்பவர்கள் ஆளை உரிய தோட்டத்துக்கு அனுப்பிவைப்பார்கள். செலவு தோட்டத்தின் கணக்கு. முத்திரை ஒட்டி, சீல் குத்தி, பார்சல் அனுப்புவது போலவே மனிதர்கள் அனுப்பப்பட்டார்கள். பெறுபவரின் முகவரி அவர்களிடம் இருந்தது. அவர்களுக்கென்று ஒரு முகவரி இருக்கவில்லை.

இன்னொரு காகிதமும் இருந்தது. அதன் பெயரும் 'துண்டு'தான். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக விரும்பும் தொழிலாளி, தனது கடன் எவ்வளவு என்று எழுதிய துண்டைப் பெற வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் விடுதலை. இந்தத் துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. தபாலோ தோட்டத்துக்கு வந்தது, ஆளுக்கு வரவில்லை. தபால் சுமப்பவர் பையைக் கொண்டுவந்து கந்தோரில் வைப்பார். லயத்துக்கு உரிய கடிதம் கந்தோரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

லிப்டன் 1898இல் 'சேர்' பட்டம் பெற்றார். அமெரிக்கக் கிண்ணப் படகுப் போட்டியில் 1899 முதல் 1930 வரை ஐந்து தடவை 'ஷம்ரொக்' என்ற பெயருடைய படகுகளோடு போட்டியிட்டு ஐந்து தடவையும் தோற்றார். தோல்வியைச் சிரித்த முகத்தோடு ஏற்றதால் அமெரிக்கர்கள் அவரை நேசித்தார்கள். திருமணம் செய்யவில்லை. 1931 ஒக்டோபர் 2ஆம் திகதி இலண்டனில் இறந்தார். சொத்தில் பெரும்பகுதியைக் கிளாஸ்கோவின் ஏழைகளுக்காக எழுதிவைத்தார். தாய் தகப்பன் பஞ்சம் பிழைக்க வந்த நகரத்தை அவர் மறக்கவில்லை. அந்தச் சொத்துக்கு உழைத்த ஊவா மலையின் ஏழைகளுக்கு அந்த நினைவில் இடம் கிடைக்கவில்லை.

அவர் இறந்து 17 ஆண்டுகளில், காகிதம் இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு, அத்தாட்சி கேட்டது. பிறப்புப் பதிவே ஒழுங்காக இல்லாத லயத்து மக்கள் எதைக் காட்டுவார்கள்? 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே குடும்பம் பதுளைக்கும் தமிழகத்துக்குமாகப் பிரிந்தது. அதன் பிறகு அந்தக் குடும்பங்களை இணைத்தது தபால் உறை ஒன்றுதான். 1977இன் வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போய்க் குடியேறியவர்கள் பலர். வன்னியின் கடைசிப் போரில் அவர்களும் அகப்பட்டார்கள். இடம்பெயர்ந்தவர்களின் கையிலிருந்து முதலில் நழுவியது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் பழைய கடிதக்கட்டும்தான்.

2003ஆம் ஆண்டின் சட்டம் நாடற்றவர் பிரச்சினையைப் பெருமளவு தீர்த்தது. முகவரிப் பிரச்சினை முழுதாகத் தீரவில்லை. பல தோட்டங்களில் லயத்து வீட்டுக்குத் தனி இலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் டிவிசனின் பெயரும் போட்டு வரும் கடிதம் கைமாறிக் கைமாறி வருகிறது. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு அந்த நாள் கழிந்து வந்துசேர்ந்தால், பிள்ளையின் எதிர்காலமே மாறிப்போகும். மலையில் ஒரு சிலைக்கு எல்லோரும் அறிந்த முகவரி இருக்கிறது. அதற்குக் கீழே கொழுந்து பறிப்பவருக்கும் இலக்கம் போட்ட ஒரு கதவு வேண்டும் என்பது பெரிய கோரிக்கை அல்ல.

சேகரிப்பாளர்களிடமிருந்து நாமும் ஒன்றைக் கற்கலாம். வீட்டுப் பெட்டியில் பழைய கடிதம் ஏதாவது மிஞ்சியிருந்தால் அதன் உறையை எறிய வேண்டாம், முத்திரையைக் கிழிக்க வேண்டாம். யார் யாருக்கு எழுதியது, அந்த நேரம் குடும்பம் எங்கே இருந்தது என்பதைத் தனித்தாளில் எழுதி அதோடு வையுங்கள். வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். உங்கள் அம்மாவின் பெயரும் அவர் இருந்த லயமும் ஒரு தபாலகத்தின் நாளும் சேர்ந்து பதிந்த ஒரேயொரு காகிதம் அதுவாக இருக்கக் கூடும்.