கபிரியேல் ழுவோ-துப்ரேய்

கபிரியேல் ழுவோ-துப்ரேய் (1885 – 1945) தென்னிந்தியக் கலை வரலாற்றையும் தொல்லியலையும் ஆராய்ந்த பிரான்சிய அறிஞர் ஆவார். தூண், போதிகை, கூடு போன்ற கட்டட உறுப்புகளின் வடிவ வேறுபாட்டைக் கொண்டு கோயில்களின் காலத்தைக் கணிக்கும் முறையை இவர் ஒழுங்குபடுத்தினார். பல்லவர் கலையை மகேந்திரன் பாணி, மாமல்லன் பாணி, இராசசிம்மன் பாணி எனப் பகுக்கும் வழக்கம் இவரது ஆய்வுகளிலிருந்து தோன்றியது. பழஞ்சிற்பங்களைத் தேர்ந்தெடுத்து வெளிநாட்டு வணிகருக்கு அனுப்பியமையால் இவர் கடும் விமர்சனத்துக்கும் உள்ளாகியுள்ளார்.

வாழ்க்கை

இவர் 1885ஆம் ஆண்டு, அப்போது பிரான்சிய ஆட்சியில் இருந்த சைகோன் நகரில் பிறந்தார். பின்னர் புதுச்சேரிக்கு வந்து அங்குள்ள கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றினார். விடுமுறைக் காலங்களில் தமிழகத்தின் ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் குடைவரைகளையும் நேரில் பார்த்துக் குறிப்பெடுத்தார். கோயில் கட்டும் தச்சர்களிடமும் சிற்பிகளிடமும் கேட்டு உறுப்புகளின் தமிழ்ப் பெயர்களைத் திரட்டினார்.

இவரது முதன்மையான நூல், தென்னிந்தியத் தொல்லியல் பற்றிப் பிரான்சிய மொழியில் இரண்டு தொகுதிகளாக 1914இல் பாரிசில் வெளிவந்தது. அதன் கட்டடக்கலைப் பகுதியின் சுருக்கம் திராவிடக் கட்டடக்கலை என்னும் பெயரில் 1917இல் ஆங்கிலத்தில் வெளியானது. பல்லவர் தொல்பொருள்கள் (1916, 1918), பல்லவர் (1917), தக்காணத்தின் பண்டைய வரலாறு (1920) ஆகியவை இவரது பிற நூல்கள். புதுச்சேரி ஆளுநராக இருந்த துய்ப்ளேக்சைப் பற்றியும் இவர் எழுதியுள்ளார். 1945இல் காலமானார்.

காலக்கணிப்பு முறை

திராவிடக் கட்டடக்கலை வெளியிலிருந்து திடீர் மாற்றம் எதையும் பெறாமல், தன்னுள்ளேயே படிப்படியாக வளர்ந்தது என்பது இவரது அடிப்படைக் கருத்து. எனவே ஓர் உறுப்பின் வடிவம் எந்தப் படியில் உள்ளது என்று அறிந்தால் கட்டடத்தின் காலத்தையும் அறியலாம். பழைய இசைக்கருவி, நாணயம் முதலியவற்றின் வயதைத் தேர்ந்து சொல்வோரும் இவ்வாறே முழுத் தோற்றத்தை விடச் சிறு உறுப்புகளையே நம்புகின்றனர்.

இதற்குச் சிறந்த சான்று தூணின் மேல் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. பல்லவர் காலத்தில் இது வளைவாகவும் அலை போன்ற மடிப்புகளுடனும் இருந்தது. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் முனை நீட்டிக்கொண்டிருந்தது. விசயநகரக் காலத்தில் அம்முனை தொங்கும் பூமொட்டானது. அதற்குப் பின் வாழைப்பூ வடிவம் பெற்றது. கூரை விளிம்பிலுள்ள கூடுகளும் இவ்வாறே மாறின. பல்லவர் காலக் கூட்டின் உச்சி மண்வெட்டி போலத் தட்டையாக இருக்கும். சோழர் காலத்தில் அங்குச் சிங்கமுகம் இடம்பெறும்.

செங்கல்பட்டும் மாமல்லபுரமும்

இம்முறையைச் சோதித்துப் பார்க்க அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் பொருத்தமான இடமாக அமைந்தது. செங்கல்பட்டை அடுத்த வல்லத்தில் உள்ள குடைவரையை மகேந்திரவர்மனுக்குக் கீழ்ப்பட்ட கந்தசேனன் என்பவன் அமைத்ததாக அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அதன் தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும் நடுவில் எட்டுப் பட்டையாகவும் தடித்துக் காணப்படுகின்றன. கல்வெட்டால் காலம் உறுதியான இத்தகைய குடைவரைகளே மற்றவற்றை ஒப்பிடுவதற்கு அளவுகோலாயின.

மாமல்லபுரத்தின் வராகர், மகிடாசுரமர்த்தினி மண்டபங்களில் தூண்கள் மெலிந்து, அடியில் அமர்ந்த சிங்கங்களைக் கொண்டுள்ளன. இவற்றை மாமல்லன் பாணி என்றார். கடற்கரைக் கோயிலிலும் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் சிங்கங்கள் பின்னங்கால்களில் எழுந்து நிற்கின்றன. இவை இராசசிம்மன் பாணி ஆயின. கைலாசநாதர் கோயிலின் சுவர்ச்சுண்ணத்தின் கீழ் மறைந்திருந்த ஓவியங்களை 1931இல் வெளிப்படுத்தியவரும் இவரே.

முறையின் எல்லைகள்

வடிவத்தை மட்டும் கொண்டு கணிப்பதில் பிழை நேரலாம். சித்தன்னவாசல் ஓவியங்களை 1920ஆம் ஆண்டையொட்டி அறிவுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்த இவர், அவை மகேந்திரவர்மன் காலத்தவை எனக் கருதினார். அங்குப் பின்னர் அறியப்பட்ட பாண்டியர் கல்வெட்டைக் கொண்டு அவை 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என ஆய்வாளர் பலர் முடிவு செய்தனர். மாமல்லபுரச் சின்னங்களைப் பல அரசர்களுக்குப் பகிர்ந்தளிக்கும் கருத்தையும் இரா. நாகசாமி 1962இல் மறுத்தார். அவை அனைத்தும் இராசசிம்மன் ஒருவனுடையவை என்றும், ஒரே காலத்தில் பல பாணிகள் வழங்கலாம் என்றும் அவர் வாதிட்டார். இவ்விவாதம் முற்றிலும் முடிந்துவிடவில்லை.

கலைப்பொருள் வணிகம்

ஒரு சிற்பத்தின் தொன்மையை அறியும் திறன் அதன் விலையை அறியும் திறனும் ஆயிற்று. பாரிசில் இருந்த கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவுக்கு இவர் தமிழகச் சிற்பங்களைத் தேடி அனுப்பினார். அவற்றுள் குறிப்பிடத்தக்கவை, 1920களின் நடுப்பகுதியில் காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்து சென்ற யோகினிச் சிற்பங்கள். 10ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவை இன்று ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பல அருங்காட்சியகங்களில் பிரிந்து கிடக்கின்றன. அவை எந்தக் கோயிலில், எவ்வரிசையில் இருந்தன என்பது உறுதியாகத் தெரியவில்லை. பாணி காலத்தைச் சொல்லும். இழந்த இடத்தைச் சொல்லாது.

இந்தியாவில் தொல்பொருள் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் இவர் இறந்த பின்னர் 1947இல் இயற்றப்பட்டது. அதனினும் விரிவான சட்டம் 1972இல் வந்தது.

அரிக்கமேடு

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும், தலையுருவம் செதுக்கிய கல் ஒன்றையும் கண்டு, அவ்விடம் உரோமானியருடன் வணிகம் செய்த ஊர் என இவர் உணர்ந்தார். அக்கல்லில் உள்ளது உரோமப் பேரரசர் அகசுடசின் உருவம் எனக் கருதினார். இவர் மறைந்த 1945ஆம் ஆண்டிலேயே மார்ட்டிமர் வீலர் அங்கு அகழாய்வு நடத்தினார். மண் அடுக்குகளில் கிடைத்த இத்தாலிய மட்கலங்கள் உரோம வணிகத் தொடர்பை உறுதிப்படுத்தின. பொருளின் தோற்றத்துடன் அது கிடைத்த இடமும் சான்றாக நின்றமையால், அரிக்கமேடு தென்னிந்தியத் தொல்லியலின் காலக்கணிப்புக்கு அடிப்படையாயிற்று.