பெரியாற்றைத் தடுத்த சுவர் – பொறியாளர் பென்னிகுயிக்



பரிசளிப்பு விழா மலருக்குப் பெரிய மனிதர் ஒருவரின் வரலாறு வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டதும், எனக்கு ஒரு சுவர்தான் ஞாபகம் வந்தது. முன்பு நான் வேலை பார்த்த தோட்டத்தில், லயத்துக்குப் பின்னால் மேட்டு மண் சரியாமல் இருக்க ஆளுயரச் செங்கல் சுவர் எழுப்பியிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஒரு நவம்பர் மழையில், ராத்திரியோடு ராத்திரியாக அது கவிழ்ந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை; பக்கத்து வீட்டு ஆயாவின் கோழிக்கூடுதான் போயிற்று.

மறுநாள் வயதான கொத்தனார் ஒருவர் வந்து பார்த்தார். அடி குறுகல், தண்ணீர் வெளியேறத் துளையும் இல்லை, மழையில் ஊறிய மண்ணும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தள்ளினால் சுவர் என்ன செய்யும் என்று தலையை ஆட்டினார். மண்ணோ தண்ணீரோ, ஆழம் கூடக் கூடத் தள்ளும் வலுவும் கூடும். ஆகவே தன் கனத்தால் நிற்கும் சுவருக்கு அடி அகலமாக இருக்க வேண்டும். கயிறிழுக்கும் போட்டியில் பிள்ளைகள் காலை அகட்டி நிற்பதில்லையா, அதே கணக்குத்தான்.

ஆளுயரச் சுவருக்கே இந்தக் கதி என்றால், நூற்றைம்பது அடி ஆழத்துக்கு ஓர் ஆற்றையே தேக்கி வைக்கும் சுவரை நினைத்துப் பாருங்கள். அப்படி ஒரு சுவரைக் கட்டியவர்தான் ஜான் பென்னிகுயிக்.

இவர் 1841ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் இந்தியாவில் புனே நகரில் பிறந்தார். எட்டு வயது நிரம்ப இரண்டே நாள் இருக்கும்போது, சிலியன்வாலா போரில் தகப்பனாரும் மூத்த சகோதரரும் ஒரே நாளில் மாண்டார்கள். இங்கிலாந்தில் பொறியியல் படித்து, 1860இல் சென்னை மாகாணத்துக்கு வந்து சேர்ந்தார். கிரிக்கெட் ஆட்டத்திலும் பிரியம் உள்ளவர்.

அக்காலத்தில் மதுரை, ராமநாதபுரம் சீமை மழையை நம்பியே பிழைத்தது. வைகையில் பாதி நாள் மணல்தான். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வந்து ஊர் ஊராகச் சனங்கள் மடிந்தார்கள். நம்மில் சிலருடைய பூட்டன்மார் கப்பலேறியதற்கு இப்படிப்பட்ட பஞ்சங்களும் ஒரு காரணம். அதே நேரத்தில் மலைக்கு அந்தப் பக்கம் பெரியாறு நிறைந்து ஓடி மேற்குக் கடலில் கலந்துகொண்டிருந்தது. அதை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்ப வேண்டும். யோசனை பழையது, மண்ணணை போடலாம் என்றுகூட ஒரு திட்டம் இருந்தது. நம் பக்கத்து மெங்குவாங் அணை மண்ணைக் குவித்துக் கட்டியதுதான், நன்றாகவே நிற்கிறது. ஆனால் கட்டும்போதே வெள்ளம் மேலேறி ஓடினால் மண்ணணை கரைந்துவிடும். பெரியாற்றுக்குக் கல்லும் சுண்ணாம்பும்தான் சரி என்று முடிவாயிற்று.

1882இல் திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பு பென்னிகுயிக்கிடம் வந்தது. 1886இல் திருவாங்கூர் அரசோடு 999 ஆண்டுக் குத்தகை. 1887இல் வேலை ஆரம்பம். உள்ளே சுண்ணாம்பும் செங்கல் தூளாகிய சுர்க்கியும் ஜல்லியும் கலந்த காரை, வெளியே கருங்கல் கட்டு. நீளம் 1,200 அடி. அடிவாரத்திலிருந்து உயரம் 176 அடி. மேலே அகலம் 12 அடிதான், அடியிலோ ஏறக்குறைய 140 அடி! ஏன் இவ்வளவு? நூற்றைம்பது அடி ஆழத்தில் தண்ணீர் ஒவ்வொரு சதுர அடியையும் நான்கு டன்னுக்கு மேல் அழுத்துகிறது. அந்தத் தள்ளலும் சுவரின் எடையும் சேர்ந்து விழும் இடம், அடித்தளத்தை மூன்றாகப் பிரித்தால் நடுப்பங்குக்குள் இருக்க வேண்டும். விலகினால் சுவரின் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளப் பார்க்கும்.

கணக்கு காகிதத்தில் சுலபம். காட்டில் வேலை அப்படி இல்லை. ஆற்றை ஒதுக்கப் போட்ட தற்காலிகத் தடுப்புகளை வெள்ளம் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு போயிற்று. மாட்டு வண்டியில் சாமான் ஏற வேண்டும். யானை, புலி ஒரு பக்கம். மலைக்காய்ச்சல் மறு பக்கம். நோயில் மடிந்தவர்களில் 483 பேர் அணையருகே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். கல் சுமந்தவர்கள், காரை குழைத்தவர்கள். பென்னிகுயிக்குக்குச் சிலை இருக்கிறது, இவர்கள் பேர் நமக்குத் தெரியாது. எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு.

பணம் தீர்ந்தபோது மனைவியின் நகையையும் சீமைச் சொத்தையும் விற்று அவர் அணையைக் கட்டினார் என்று அந்த ஊர்ப் பக்கம் சொல்வார்கள். அணை சென்னை அரசாங்கத்தின் செலவில் எழும்பிய வேலை. நகைக் கதை இல்லாவிட்டாலும் அவர் பெருமை குறையாது என்பது என் அபிப்பிராயம். அடித்துப்போன இடத்திலேயே மறுபடியும் கட்டினாரே, அது போதும்.

1895 அக்டோபரில் ஒரு மைலுக்கு மேல் நீளமுள்ள சுரங்கம் வழியாகத் தண்ணீர் கிழக்கே பாய்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், பிரான்சு தேசத்தில் பூசே என்ற கல்லணை உடைந்து எண்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சுவருக்கு அடியிலும் வெடிப்புகளிலும் புகுந்த தண்ணீர் சுவரை மேல்நோக்கித் தூக்கும் என்பதைப் பொறியாளர்கள் அதன் பிறகே முழுசாக உணர்ந்தார்கள். பெரியாற்று அணையின் கணக்கு அதற்கு முந்தியது. 1979க்குப் பிறகு அந்த அணையை உறுதிப்படுத்தினார்கள்: மேலே கான்கிரீட் கனம் ஏற்றி, எஃகு வடங்களால் பாறையோடு இழுத்துக் கட்டி, பின்புறம் முட்டுக் கொடுத்து, கசிவு நீர் வடியவும் வழி வைத்தார்கள். 2014இல் இந்திய உச்ச நீதிமன்றம் நீரை 142 அடிவரை தேக்க அனுமதித்தது. கேரள மக்களின் பயமும் தமிழக விவசாயிகளின் தேவையும் இரண்டும் உண்மைதான். அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.

பென்னிகுயிக் பிறகு இங்கிலாந்தில் பொறியியல் கல்லூரித் தலைவராக இருந்தார். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆற்று வெள்ளத்துக்கும் ஆலோசனை சொன்னார். 1911 மார்ச் 9இல் இயற்கை எய்தினார். 2013இல் தேனி மாவட்டம் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அங்கே பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள். அவர் பிறந்த நாளில் பொங்கல் வைக்கிறார்கள்.

லயத்துச் சுவரைப் பிறகு தோட்டத்து ஆட்களே ஞாயிற்றுக்கிழமைகளில் கோத்தோங் ரோயோங் செய்து கட்டினார்கள். அந்தக் கொத்தனார் அடியை அகலமாக வெட்டச் சொல்லி, சுவருக்குப் பின்னால் ஜல்லி கொட்டி, முழத்துக்கு ஒன்றாகக் குழாய்த் துண்டு பதித்தார். போன தீபாவளிக்கு அந்தப் பக்கம் போனேன். மழை பெய்துகொண்டிருந்தது. எல்லாக் குழாயிலும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.